பொன்ராஜின் பேருக்கு ஓர் ஆள்

திட்டம் போடுவது துரைமாருக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் மட்டுமே தெரிந்த வித்தை என்று யாராவது சொன்னால், அவர்களைக் குந்தாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் ஏழாம் நம்பர் லயத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத மூக்கம்மா அங்கே பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு திட்டம் போட்டாள். அது அவள் நினைத்தபடியே நடந்து முடிந்தது. வினையே அதுதான்.

சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். எண்பத்து மூன்றாம் வருஷம் புருஷன் காளிமுத்து செத்தபோது மகன் பொன்ராஜுக்குப் பதினாலு வயது, மகள் பாலாமணிக்கு ஒன்பது. தோட்டத்து வழக்கம் கறாரானது. வீட்டில் ஒருவர் பேராவது நிரந்தரப் பதிவில் இருந்தால்தான் லயத்தில் குடியிருக்கலாம். மூக்கம்மா தற்காலிகக் கூலி. காளிமுத்துவின் பேர் போனால் வீடு போகும், பிள்ளைகளின் படிப்பும் போகும்.

யோசனை அவளுக்குக் கவாத்துக் காட்டில்தான் கிடைத்தது. கவாத்து வெட்டும்போது தேயிலைச் செடியை மொட்டையடித்துவிட்டு, ஒரேயொரு கிளையை மட்டும் இலையோடு விட்டுவைப்பார்கள். புதுத் துளிர் வரும்வரை செடிக்கு மூச்சு அந்தக் கிளைதான். நம் வீட்டுக்குப் பொன்ராஜ் அந்தக் கிளை என்று முடிவு செய்தாள். துளிர் வந்த பிறகு அந்தக் கிளையையும் வெட்டி எறிவதை வருஷா வருஷம் பார்த்தவள்தான். அன்றைக்குப் பார்த்து அது அவள் நினைவுக்கு வரவில்லை.

வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்த பிள்ளைக்கு நாலு வயதைக் கூட்டிப் பேர் பதிந்தாள். பையன் நெடுநெடுவென்று வளர்ந்திருந்ததால் யாரும் துருவிக் கேட்கவில்லை.

"தங்கச்சி நர்ஸ் ஆகுற வரைக்கும்தான்ப்பா. அப்புறம் உன்னைய விட்டுர்றேன்."

"சரிம்மா," என்றான் பொன்ராஜ். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு அவள் தவித்த தவிப்பு கொஞ்சமல்ல.

பாலாமணி பள்ளியை முடித்தாள், கோயமுத்தூரில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். கணக்கு வைத்தாற்போல எல்லாம் நடந்தது. கடைசி வருஷம், ஆனி மாதத்து மழை விடாமல் அடித்தது. பொன்ராஜுக்குக் காய்ச்சல், கூடவே நெஞ்சைப் பிளக்கும் இருமல். ஏற்கெனவே நாலு நாள் லீவு போட்டுவிட்டான்.

"இன்னும் லீவு போட்டா பேரை வெட்டிருவாங்கப்பா. இன்னைக்கு ஒரு நாள் போயிட்டு வந்துரு," என்று அவளேதான் கம்பளியைப் போர்த்தி அனுப்பினாள். நாலாம் நாள் ஊட்டி ஆஸ்பத்திரியில் அவன் மூச்சு நின்றது. சளி நெஞ்சை அடைத்துவிட்டதாம்.

காரியத்துக்கு வந்த பாலாமணி, "படிச்சது போதும்மா. என் பேரைப் பதிஞ்சுரு," என்று அழுதாள். மூக்கம்மா சம்மதிக்கவில்லை. படிப்பு முடிய இன்னும் பத்து மாதம். மகளைப் பஸ் ஏற்றிவிட்டு, மறுநாள் விடியலில் பெரட்டுக் களத்தில் போய் நின்றாள். அங்கேதான் தினமும் பேர் படித்து ஆட்களை வேலைக்குப் பிரிப்பார்கள். கணக்கப்பிள்ளை லிங்கசாமி பழக்கதோஷத்தில் "பொன்ராஜ்" என்று படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இருக்கேன்," என்றாள் மூக்கம்மா.

களமே திரும்பிப் பார்த்தது. லிங்கசாமி அவளைப் பார்த்தபடியே பொன்ராஜ் வந்ததாகக் குறித்துக்கொண்டார். பிறகு தனியே கூப்பிட்டார்.

"ஏனுங்கக்கா, எத்தன நாளைக்குங்க இது? ஆபீசுக்குத் தெரிஞ்சா என்ற வேலையும் போயிருமுங்க."

"மக பாஸ் பண்ற வரைக்கும்ங்க ஐயா."

பொன்ராஜ் இறந்ததை அவர் ஆபீசுக்கு எழுதவில்லை. நல்ல மனுஷன். ஆனால் அந்த நல்ல மனசு அவளை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவருக்குத் தெரியாது. முதல் மாதம் அது அவளுக்கு வெறும் உபாயம். ஐப்பசி மூடுபனியில் ஒரு நாள், அவள் வாய் திறக்கும் முன்பே முதுகுக்குப் பின்னால் யாரோ "இருக்கேன்" என்றார்கள். தொடர்ந்து அந்த இருமல். திரும்பிப் பார்த்தால் வெறும் பனி. அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாளாவது அப்படிக் கேட்டது. அவளுக்குப் பயமாக இல்லை, வெட்கமாக இருந்தது. செத்த பிள்ளையையும் குளிரில் எழுப்பி வேலைக்கு இழுத்து வருகிறோமே என்று கூசிப்போனாள்.

பாலாமணி பாஸ் செய்தாள். கோயமுத்தூரிலேயே வேலையும் கிடைத்தது. அம்மாவை அழைத்துப்போக வந்தவள், அண்ணன் சட்டைகளை மடித்தபடி கேட்டாள்.

"அண்ணன் என்னம்மா ஆகணும்னு ஆசப்பட்டுச்சு?"

மூக்கம்மா யோசித்துப் பார்த்தாள். அவனுக்குப் பிடித்த குழம்பு தெரியும், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவான் என்று தெரியும். இது தெரியவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை.

மறுநாள் காலை களத்துக்குப் போய், இன்றோடு பேரை வெட்டிவிடும்படி லிங்கசாமியிடம் சொன்னாள். பனி கண்ணை மறைத்தது. லிங்கசாமி "பொன்ராஜ்" என்று படித்துவிட்டு அவளைப் பார்த்தார். பின்னால் இருமல் கேட்டது. மூக்கம்மா மெல்லத் திரும்பினாள்.

"நீ என்னப்பா ஆகணும்னு நெனச்ச?"

களம் முழுக்கக் காத்திருந்தது. பதில் வரவில்லை. லிங்கசாமி பேரை அடித்துவிட்டு அடுத்த பேரைப் படித்தார்.