சிந்திப்பது நான், தலைவர் அவர்

இந்தத் தொழிலுக்குத் ‘தாட் லீடர்ஷிப்’ என்று பெயர். அதாவது சிந்திக்கிறவன் ஒருவன், தலைவன் இன்னொருவன். முதலாளிகளின் பெயரில் கட்டுரை எழுதி, இணையத்தில் போட்டு, அவர்களை அறிவாளிகளாகக் காட்டுவது வேலை. அடுத்தவர் பெயரில் எழுதிப் பிழைக்கும் தோழர்களே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

கண்டனம் கூடாது

நான் துண்டறிக்கை படித்தே தமிழ் கற்றவன். செம்பவாங் கப்பல் பட்டறையில் தொழிலாளர்களுக்குக் கொடுத்த அறிக்கைகளை நானே எழுதி, அச்சடிக்க நானே ஸ்டென்சில் வெட்டினேன். சங்கத்தில் என்னோடு நின்றவர்களில் பாதிப் பேர் பின்னாளில் மேனேஜர் ஆனார்கள், நான் ஆகவில்லை. எழுபது வயதில், ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைக்கு மேலே கவிதா நடத்தும் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தேன். நான் தமிழில் எழுதுவேன். அவர் ஆங்கிலமாக்கி, இரண்டையும் வெளியிடுவார். என் முதல் கட்டுரையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அங்கிள், ஒரே பக்கத்துல ஆறு தடவை ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’னு வருது. இது ஏர்கான் கம்பெனி முதலாளி கட்டுரை லா. யாரைக் கண்டிக்கிறீங்க, வெயிலையா?”

கருத்து வேண்டும்

அடுத்து வந்தவர் நாகராஜன். பூன் லேயில் துப்புரவு நிறுவனம் வைத்திருப்பவர். பெரிய கட்டட நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். அவருக்கு மட்டுமே தெரிந்த ஓர் உண்மை, அவர் துணிந்து சொல்லும் ஒரு கருத்து, இவை இல்லாத கட்டுரையை யாரும் படிக்க மாட்டார்கள் என்பது கவிதாவின் பாடம். “உங்கள் கருத்து என்ன?” என்று கேட்டேன்.

“கருத்தா? அது இருந்தா நான் ஏண்ணே உங்களைக் கூப்பிடறேன்?”

மாடிப்படி

சரி, ஊழியர்களிடம் கேட்போம் என்று அவர் அலுவலக அறையை விட்டு வெளியே வந்தேன். மதிய நேரம். பன்னிரண்டு பேர் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாராவது ஏறி இறங்கினால் அத்தனை பேரும் டப்பாவோடு எழுந்து வழிவிட வேண்டும். அவர்களின் சூப்பர்வைசர் பாக்கியம் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“எழுதறதுன்னா இதை எழுதுங்கண்ணே. ஒரு வேளை சோத்துக்கு நாலு தடவை எழுந்து நிக்கிறோம், கொடி ஏத்துற மாதிரி.”

ஒப்புதல்

எழுதினேன். துண்டறிக்கை என்றால் கோரிக்கையில் முடிய வேண்டும். அது என் கையில் ஊறிய பழக்கம். இங்கே கோரிக்கை வைக்க ஆள் இல்லாததால், முதலாளியின் வாயிலேயே வைத்தேன்: “என் ஊழியர்கள் உட்கார்ந்து சாப்பிட, இந்த வாரமே குளிரூட்டிய அறை ஒதுக்குகிறேன்.” கவிதா அந்த வரியில் நின்று, “இதுக்கு அவர் ஒத்துக்கணுமே” என்றார். நாகராஜனின் படத்தோடு அவருக்கே ஒப்புதலுக்கு அனுப்பினோம். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது.

“ஃபோட்டோவுல தொப்பை தெரியுதுண்ணே. மத்தபடி சூப்பர், போட்டுடுங்க.”

எந்த அறை?

கட்டுரை வெளியானதும் பாராட்டுகள் குவிந்தன. ஒப்பந்தம் தர வேண்டிய கட்டட நிறுவனத்தார், வெள்ளிக்கிழமை வந்து அந்த அறையைப் பார்ப்பதாக எழுதிவிட்டார்கள். பாக்கியம் அக்கா கடைசிப் பத்தியை அச்செடுத்து மாடிப்படிச் சுவரில் ஒட்டிவிட்டார். கவிதா தலையில் கை வைத்தார். என் வேலை போனது என்றே நினைத்தேன். தொலைபேசியில் நாகராஜன் அலறினார்.

“அண்ணே, அந்த ரூம் எங்க இருக்குன்னு எனக்கும் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை நான் அவங்களுக்குக் காட்டணும்!”

வெள்ளிக்கிழமை

“ஒன்று, கட்டுரையை நீங்கள் எழுதவில்லை என்று ஊரறியச் சொல்லுங்கள், இல்லை, உங்கள் மீட்டிங் அறையைக் காலி செய்யுங்கள்” என்றேன். அறை காலியானது. வெள்ளி மதியம் பன்னிரண்டு பேரும் நீள மேசையில் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். “இது நான் ரொம்ப நாளா யோசிச்சது” என்று நாகராஜன் விருந்தினர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒப்பந்தமும் கிடைத்தது. பாக்கியம் அக்கா எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“அந்தக் காலத்துல வருஷக்கணக்கா உங்க பேர்ல நோட்டீஸ் அடிச்சீங்களாமே? முதலாளி பேர்ல அடிச்சிருந்தா அப்பவே வேலை முடிஞ்சிருக்குமே அண்ணே!”

ஆக, தோழர்களே, இந்தத் தொழிலில் எனக்குள்ள ஒரே சுகம், கோரிக்கை வைப்பவனும் நானே, பெருந்தன்மையோடு அதை ஏற்பவனும் நானே.