சிவப்புக் கிளிப்பின் இடம்

தனேஸ்வரி ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கொடியில் ஏழு கிளிப்புகளை மட்டும் மாட்டிப் பார்க்கிறாள். மஞ்சளுக்கு அடுத்துப் பச்சை நிற்கக் கூடாது. வெள்ளைக்கு முன்னால் நீலம் வர வேண்டும். மற்ற துணியெல்லாம் வாளியிலேயே கிடக்கிறது.

“கிளிப்ப வெச்சி வெளையாடாத லா, தனேசு. மழ வருது,” என்கிறாள் அண்ணி மாதவி.

“இருங்கண்ணி. பச்ச எங்க நிக்கும்னு தெரிஞ்சா முடிஞ்சிச்சி.”

கோலா சிலாங்கூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் அவளுக்குக் கிராணி வேலை. அடுத்தவர் வழக்கைத் தட்டச்சு செய்து அலுத்துப்போய், தானே வக்கீலாவதென்று முப்பது வயதில் கிளம்பியிருக்கிறாள். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் யார் முன்னால், யார் பின்னால் என்று வரிசைப்படுத்தும் புதிர்கள் உண்டு. கொடியில் ஒவ்வொரு கிளிப்பும் புதிரில் வரும் ஓர் ஆள். போன வருடம் அங்கேதான் கோட்டை விட்டாள். நாளை மறுபடியும் தேர்வு. மூன்றாம் தடவை எழுத விடமாட்டார்கள்.

புதிர்ப் பைத்தியம் கொடியோடு நிற்பதில்லை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பம் வாங்க நின்றாலும் முன்னால் நிற்பவர்களை மனத்துக்குள் இடம் மாற்றிக்கொண்டிருப்பாள். ஒருமுறை, “நீங்க அவருக்கு முன்னால வர முடியாது,” என்று வாய்விட்டே சொல்லி, ஒரு பெரியவரிடம் முறைப்பு வாங்கினாள்.

இத்தனை கெட்டிக்காரி குடும்பப் புதிரில் மட்டும் சறுக்குகிறாள். ஒரு வீட்டு ஆட்கள் எந்த வரிசையில் பேசினார்கள் என்று கேட்டால், அப்பாவுக்கான சிவப்புக் கிளிப்பை யோசிக்காமல் முதலில் மாட்டிவிடுகிறாள். கேள்வியில் அப்படி விதியே கிடையாது. இவள் வீட்டில்தான் உண்டு. தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய மண்டோரான அப்பா சன்னாசி குளித்து வந்த பிறகே அண்ணன், அப்புறம் அண்ணி, கடைசியில் இவள். இருப்பது ஒரே குளியலறை. யாரும் சொல்லித் தந்ததில்லை, யாரும் மீறியதுமில்லை.

இப்போதும் சிவப்புதான் இடிக்கிறது. “அப்பாதான் மொதல்லன்னு யாரு சொன்னா?” என்று கொடியையே கேட்கிறாள். சிவப்பை முதல் இடத்திலிருந்து கழற்றியதும் மற்றவை தானாக இடம் பிடிக்கின்றன. விடை வந்த சந்தோஷத்தைவிட, இத்தனை நாள் தெரியாமல் போன கோபம்தான் அவளுக்குப் பெரிதாக இருக்கிறது.

விடிகிறது. வீடு இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தாயில் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் தேர்வுக்குப் போய்ச் சேர முடியும். தனேஸ்வரி துண்டோடு குளியலறை வாசலுக்கு வருகிறாள். எதிரே சன்னாசியும் துண்டோடு வருகிறார்.

“நா இன்னும் குளிக்கலம்மா.”

“தெரியும்ப்பா,” என்று சொல்லி, அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிறாள்.