ஸ்டெல்லா தண்ணீர் கேட்ட வீடுகள்

சனிக்கிழமை காலை, சிதம்பரத்தில் என் வீட்டு அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தபோது கடலூரிலிருந்து அந்தோணி சார் கூப்பிட்டார். ஸ்டெல்லாவின் கணவர். அவ்வளவு காலையில் அவர் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. "வசந்தாம்மா, ஸ்டெல்லா எழுந்திருக்கலம்மா. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. நாலு மணிக்குக் கோயில்ல பூசை, அப்புறம் அடக்கம்" என்றார். நான் சரி என்றேன். முதல் நாள் சாயங்காலம்தான் பஸ் ஏறும்போது கையாட்டிவிட்டுப் போயிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் அன்று சனிக்கிழமை என்பது உறைத்தது. இதைப் படிக்கிற உங்களில் பலருக்குத் தெரியும், சனிக்கிழமை என்றால் எங்களுக்கு ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையில் புறநோயாளிகள் வரிசை நிற்கும் இடத்தில் எங்கள் பிள்ளைகள் காலையிலிருந்து மதியம் வரை நிற்பார்கள். எல்லோரும் கல்லூரியில் படிக்கிறவர்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஓ.பி. சீட்டு வாங்கித் தருவது, எந்த அறை என்று கூட்டிப் போய் விடுவது, நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிப் போவது, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று கேட்டுச் சொல்வது. இவ்வளவுதான் வேலை. ஸ்டெல்லா ஆரம்பித்தது. இன்றைக்கு யாரும் வர வேண்டாம் என்று சொல்வதற்காகக் கடலூர் பக்கத்துக் குடிகாட்டிலிருந்து வருகிற தினேஷைக் கூப்பிட்டேன். அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கடலூரில் பஸ் ஏறி, சிதம்பரத்துக்கு வந்துகொண்டிருந்தான்.

"அக்கா அங்க கெடக்கறாங்க, நீ இங்க எதுக்கு வர்ற?" என்று கத்தினேன்.

"டியூட்டிய முடிச்சிட்டு எல்லாருமாப் போறோம் மேடம். அக்கா இருந்தா லீவு வுட்டிருக்க மாட்டாங்க" என்றான்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவன் சொன்னது சரி என்பதால் இன்னும் ஜாஸ்தியாக வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு நானும் போனேன்.

ஸ்டெல்லாவும் நானும் ஒரே இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை. தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவார், ஜன்னல் சீட் கிடைக்காத நாளில் பத்து மணி வரை யாரோடும் பேச மாட்டார். இளைஞர்களிடம் சேவை மனப்பான்மை இல்லை என்று புலம்புகிற கூட்டங்கள் நம் ஊரில் நிறைய நடக்கும். அப்படி ஒன்றுக்கு இருவரும் போயிருந்தோம். எல்லோரும் பேசி முடித்த பிறகு ஸ்டெல்லா எழுந்து, "பசங்க வர்றதில்லன்னு சொல்றீங்களே, இந்த ஹால்ல யாராவது ஒரு பையன நேர்ல போய்க் கூப்ட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு எங்களை யாரும் அழைக்கவில்லை.

அவர் எப்படிக் கூப்பிடுவார் என்பதை நான் பார்த்தது சேத்தியாத்தோப்பில், கனிமொழியின் வீட்டில். கனிமொழி அப்போது முதலாண்டு மாணவி. ஆஸ்பத்திரிக்கு வர ஆசை, வீட்டில் விடவில்லை. நாங்கள் கேட்டைத் திறந்ததுமே அவள் அப்பா ராஜேந்திரன் தோட்டத்துப் பக்கம் நழுவிவிட்டார். டிராக்டர் வாடகைக்கு விடுகிறவர். எங்கள் இருவரையும் அலுவலகத்தில் பார்த்திருக்கிறார். அம்மா செல்வி வாசலிலேயே நிறுத்தி, "பாலிசிலாம் இருக்குதும்மா. அவுரு வூட்ல இல்ல" என்றார். பின்பக்கம் அவர் இருமுவது நன்றாகக் கேட்டது.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "பாலிசி வாணாம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார். வெள்ளாற்றில் தண்ணீர் வருகிறதா, நெல் என்ன ரகம், செல்விக்கு எந்த ஊர் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. சேவை என்ற வார்த்தையே வரவில்லை. எனக்குப் பஸ் போய்விடுமே என்று கவலை. கடைசியில் கொசுக்கடி தாங்காமல் ராஜேந்திரனே உள்ளே வந்தார். அப்போதுதான் ஸ்டெல்லா விஷயத்துக்கு வந்தார்.

"ஒங்க பொண்ண நான் கூட்டிட்டுப் போக வரலைங்க. நீங்கதான் கூட்டிட்டு வரணும். ஒரு சனிக்கெழம ஆஸ்பத்திரியில ஒக்காந்து என்னா நடக்குதுன்னு பாருங்க. புடிக்கலன்னா பொண்ணக் கையோட கூட்டிட்டுப் போயிடுங்க."

எந்தப் பிள்ளையானாலும் இதுதான் அவர் வழக்கம். முதல் நாள் அம்மாவோ அப்பாவோ வந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இவ்வளவு பாடு எதற்கு என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "புள்ளைங்க எப்பவோ ரெடி வசந்தா. வூட்லதான் ரெடி இல்ல. அத நாமதான் போய்ப் பேசணும். புள்ளையா பேசும்?" என்றார். அந்தச் சனிக்கிழமை செல்வி வந்து மதியம் வரை உட்கார்ந்திருந்தார். கனிமொழி அன்றிலிருந்து எங்களோடுதான்.

ஒரு மழைக்காலத்தில் கடலூரின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்துவிட்டது. பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் ரொட்டியும் பாலும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் தன் படம் அச்சிட்ட பனியன்களை மூட்டையாக அனுப்பி, இதைப் போட்டுக்கொண்டு கொடுத்தால் போட்டோ எடுக்க வசதியாக இருக்கும் என்று சொல்லியனுப்பினார். நான் திருப்பி அனுப்பச் சொன்னேன். "நனைஞ்ச புள்ளைங்க, காஞ்ச துணி. வாணாம்னு சொல்ல நான் என்னா பைத்தியமா?" என்று ஸ்டெல்லா மூட்டையைப் பிரித்தார். படம் உள்பக்கம் போகும்படி எல்லோரையும் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அந்தப் பெரிய மனிதர் அன்று முழுவதும் எங்கள் பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்தபடி இருந்தார். போட்டோக்காரர் வந்து பார்த்துவிட்டுக் கேமராவை எடுக்காமலே போய்விட்டார்.

"சாப்ட்டு வா" என்பது ஸ்டெல்லாவின் சட்டம். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளையை உள்ளே விட மாட்டார். "பசியோட வந்தா நோயாளிங்க மேல வள்ளுன்னு வுழுவ. போய்ச் சாப்ட்டு வா" என்று வாசலிலிருந்தே கேன்டீனுக்கு விரட்டுவார். இந்தச் சட்டமே ஒருநாள் எங்களைக் கவிழ்த்தது. தினேஷ் அப்போது புதிது. காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒரு அம்மாள் வரிசையில் சோர்ந்து போய் நின்றிருந்தார். சாப்பிடவில்லை என்றதும் இவன் ஓடிப்போய் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, சாப்பிடும்வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறான். அவர் வந்ததே வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய சர்க்கரைப் பரிசோதனைக்கு. பரிசோதனைக்கூடத்தில், இன்றைக்கு எடுக்க முடியாது, இன்னொரு நாள் வாருங்கள் என்றுவிட்டார்கள். அந்த அம்மாள் கோபப்படக்கூட இல்லை, பன் சுற்றியிருந்த காகிதத்தைப் பார்த்தபடி நின்றார்.

தினேஷ் அழுதுவிட்டான், இனிமேல் வர மாட்டேன் என்றான். ஸ்டெல்லா அவனைச் சமாதானப்படுத்தவில்லை. "அழுவறதெல்லாம் அப்புறம். அவுங்க மறுபடியும் எந்த பஸ்ல வர்றாங்களோ அந்த பஸ்ல நீயும் வரணும்" என்றார். அடுத்த முறை அவன் முதல் நாளே காட்டுமன்னார்கோயிலில் நண்பன் வீட்டில் போய்த் தங்கி, விடிகாலையில் அந்த அம்மாளோடு பஸ் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். பரிசோதனை முடிந்த பிறகு அந்த அம்மாளே அவனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். ஸ்டெல்லா போன அன்று பஸ்ஸிலிருந்து எனக்குப் பதில் சொன்னவன் இந்தத் தினேஷ்தான்.

அன்று மதியம் பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே கடலூருக்கு வந்தார்கள். பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது நான் நன்றாக அழுதேன். கனிமொழியின் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். வெளியே வந்ததும் ராஜேந்திரன் என்னிடம், "தப்பா நெனக்காதீங்க மேடம். அந்தம்மா இருந்தாங்க, அனுப்பிச்சோம். இனிமே யார நம்பி அனுப்பறது?" என்றார். கனிமொழி பின்னால் நின்றிருந்தாள். அவர் நகர்ந்த பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்: "மேடம், நீங்க எங்க வூட்டுக்கு வருவீங்களா?"

இந்தப் பெண்ணை ராஜேந்திரன் நிறுத்தினால் அதோடு நிற்காது. ஸ்டெல்லாவை நம்பித்தான் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. ஒவ்வொரு வீடாக மூடிக்கொண்டு வரும், அவ்வளவு வருஷ உழைப்பும் அவரோடு மண்ணுக்குள் போகும். அதை நான் விடுவதாக இல்லை.

வியாழக்கிழமை அலுவலகம் விட்டதும் சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினேன். ஸ்டெல்லா எல்லோருக்கும் அக்கா, நான் இன்றுவரை மேடம். எனக்கு வீடு வீடாகப் போய்ப் பேச வராது. போனதும் சமூகம், பொறுப்பு என்று ஆரம்பித்துவிட்டேன். ராஜேந்திரன் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார், பாலிசிக்காரர்களிடம் ஆட்டுகிற அதே தலையாட்டல். பாதியில் நிறுத்திவிட்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

செல்வி ஒரு நொடி என்னையே பார்த்தார். உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்தார். குடித்தேன். வெள்ளாற்றில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். வரவில்லை என்றார்கள். சொம்பைக் கீழே வைத்தேன்.

"சனிக்கெழம ரெண்டு பேரும் வந்து பெஞ்சில ஒக்காருங்க" என்றேன்.

"நான்தான் முன்னயே வந்து பாத்தனே. அப்ப அவுங்க இருந்தாங்க" என்றார் செல்வி.

"இப்ப நான் இருக்கறனான்னு வந்து பாருங்க. இல்லன்னா பொண்ணக் கையோட கூட்டிட்டுப் போயிடுங்க."

வந்தார்கள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அன்று ஆறு மணிக்கே போய்விட்டேன். கூட்டம் நெரிந்தது. கனிமொழி ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாகக் கண் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். எக்ஸ்ரே எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு அம்மாளிடம் நான், "எத்தன தடவைம்மா சொல்றது?" என்று எரிந்து விழுந்தேன். பெஞ்சிலிருந்து செல்வி எழுந்து வருவது தெரிந்தது. போச்சு, கையோடு கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மேடம், காலையில சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"போய்ச் சாப்ட்டு வாங்க. அதுவரைக்கும் நான் நிக்கறேன்" என்று சொல்லி, அந்த அம்மாளின் கையிலிருந்த சீட்டை வாங்கிக்கொண்டு, எக்ஸ்ரே எந்தப் பக்கம் என்று என்னிடமே கேட்டார். காட்டினேன். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். பெஞ்சில் ராஜேந்திரன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, ஒரு நோயாளிக்கு இடம் விட்டார்.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தச் சனிக்கிழமையும் அந்தச் சட்டமும்தான். இப்போது சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். குடிகாட்டில், தினேஷின் தெருவில் ஒரு பெண்ணுக்கு வர ஆசை, வீட்டில் விட மாட்டேன் என்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். தண்ணீர் கேட்டு உட்காரப் போகிறேன்.