சுவர் வேண்டாமென்ற என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் பேங்க்கில் காலமெல்லாம் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தவர். மேஜையை ஒரு முழம் நகர்த்தச் சொன்னால் மேனேஜரிடமே சண்டைக்குப் போவார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், மனுஷனுக்கு வருகிற வியாதியெல்லாம் சுவரால்தான் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். ஏதோ வாரப் பத்திரிகையில் போட்டிருந்தானாம். நானும் அப்போதுதான் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். அதனால் தப்பிக்க எனக்கு ஒரு சாக்கும் இல்லை.

ராமநாதபுரத்துக்குத் தெற்கே, பஸ் திரும்புகிற கடைசி ஊரையும் தாண்டி, அவருடைய காலேஜ் சிநேகிதருக்குக் கடலை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அதில் வலை போட்டு வைக்கிற கொட்டகை ஒன்று. நாலு பனங்கால், மேலே தென்னங்கிடுகு. சுவர் கிடையாது.

"பங்குனியில கடல் குளம் மாதிரி கிடக்குமாம். அங்கயே இருந்துருவோம்" என்றார். தவக்காலம் வேறு. "ஆண்டவரே கடற்கரையிலதான திரிஞ்சாரு?"

"அவரு தண்ணி மேல நடந்தாரு. நீங்க நம்மூர்ப் பக்கம் செம்பட்டிக் கம்மாயிலயே முழங்காலுக்கு மேல இறங்க மாட்டீங்க."

என்றாலும் போனோம். மகனுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து சொன்னேன். "ஒரு வாரத்துல திரும்பிருவாரும்மா" என்று சிரித்தான்.

திண்டுக்கல்காரர் அல்லவா, கொட்டகைக்கென்று பெரிய பூட்டு ஒன்றைக் கட்டி எடுத்து வந்திருந்தார். கதவே இல்லாத இடத்தில் எதைப் பூட்டுவது என்று வந்து சேர்ந்த பிறகுதான் யோசித்தார். கடைசியில் அதை ஒரு பனங்காலில் தொங்கவிட்டார்.

விடிந்ததும் ஈஸி சேரைக் கடலைப் பார்த்துப் போட்டுக்கொண்டு, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி மூச்சு விடுவார். நான் காற்றோடு மல்லுக்கட்டி அடுப்பு மூட்டுவேன். எங்கள் ஊரில் எப்போது வருமென்றே தெரியாத குழாய்த் தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடந்தவள் நான். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர். குடிக்க மட்டும், மணலில் தோண்டிய ஊற்றுக்கு நடந்து போய், சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்ப வேண்டும். இயற்கை வாழ்வில் குடம் சுமப்பது யார் என்பதைப் பத்திரிகைக்காரன் எழுதாமல் விட்டிருந்தான்.

ஆனால் முதலில் பழகியது நான்தான். காலையில் மீனவப் பெண்களோடு சேலையோடு கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நிற்பேன். மாடிப்படி ஏறவிடாத முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. படுத்தால் தூக்கம். எழுந்தால் பசி. அவருக்கோ தோல் உரிந்தது, வெளிச்சம் கண்ணைக் குத்தியது, நண்டைக் கண்டால் பயம். "செத்த நேரம் நிழல்ல இருக்கேன்" என்று பகலெல்லாம் கொட்டகைக்குள்ளேயே கிடந்தார். ஈஸி சேரும் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, கடலுக்கு முதுகு காட்டி பஸ் வருகிற பாதையைப் பார்க்க ஆரம்பித்தது.

பக்கத்து மணலில் கருவாடு காயப்போடுகிற பெண் ஒருத்தி, எங்களை ரெண்டு நாள் உற்றுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் நெத்திலிக் குழம்பு கொண்டுவந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக மீன், மோர், ஒரு கோரைப்பாய்கூடக் கொண்டுவந்து வைத்தார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? எளிமையா வாழுறவங்களை ஜனங்க எம்புட்டு மதிக்கிறாங்க!" குழம்புச் சட்டியை நீட்டும்போது அவர்கள் முகத்தில் இருந்தது மதிப்பு இல்லை. துக்கம் கேட்கத் துஷ்டி வீட்டுக்கு வருகிறவர்களின் முகம் அது. எனக்கும் காரணம் பிடிபடவில்லை.

ஈஸ்டருக்கு மகனும் மருமகளும் வேன் பிடித்து வந்தபோதுதான் விளங்கியது. அவன் இறங்கி மண்ணில் கால் வைப்பதற்குள் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கருவாட்டுக்காரிதான் ஆரம்பித்தாள்.

"நீதானப்பா மகன்? பாக்க நல்லாத்தான இருக்க. பெத்தவுகளை இப்பிடி வெட்டவெளியில போட்டுட்டு ஒனக்குச் சோறு எப்பிடிப்பா இறங்குது?"

"நான் எங்கம்மா போட்டேன்?" என்றான்.

"டீச்சரம்மா ஒன்னைப் பத்தி ஒரு வார்த்தை குறையாச் சொன்னதில்ல, தெரியுமா?"

மருமகள் வேனில் ஏறிக் கண்ணாடியைச் சாத்திக்கொண்டாள். நான் குறுக்கே புகுந்தேன். "அவன் மேல தப்பில்லம்மா. இவருதான் ஆசைப்பட்டு வந்தாரு."

கருவாட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெத்த மனசு வேற என்ன சொல்லும்?"

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்துவிடும். அவர் மகனைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், அப்புறம் வேனைப் பார்த்தார்.

"விடுங்கம்மா, சின்னப்பய. இனிமே நல்லாப் பாத்துக்குவான்" என்றார். சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அப்பா!" என்றான் மகன். அவர் திரும்பவே இல்லை.

நான் ஏறவில்லை. "நீங்க போங்க. சட்டி பானையெல்லாம் ஒதுங்க வச்சுட்டு வாரேன்" என்றேன். ஒதுங்க வைக்க ஒரு மாதத்துக்கு மேலேயே ஆனது. கருவாட்டுக்காரியிடம் நடந்ததையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெக்குக் காற்று வேகம் பிடித்துக் கிடுகைப் பிய்க்க ஆரம்பித்த பிறகுதான் பஸ் ஏறினேன். என் மகன் இன்றுவரை அந்தப் பக்கம் போனதில்லை.

திண்டுக்கல்லில் இவர், ஓய்வுபெற்றவர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் சுவரில்லா வாழ்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். "கஷ்டமா இல்லையா சார்?" என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. வீட்டுக்காரிக்குத்தான் பாவம், கடைசி வரைக்கும் பழகல."

நான் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் வீம்புக்காகவே அடுத்த பங்குனிக்கு அவரும் என்னோடு கிளம்பியிருப்பார்.