சோமனூர் வீட்டுக் கம்ப்யூட்டர்

போன வாரம் சோமனூரிலிருந்து பழனிசாமி போன் செய்தார். விசைத்தறி வைத்திருக்கும் நண்பர். சரசு அவர் மனைவி.

"ஏனுங்க, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? சரசு தறியையெல்லாம் வித்துப்போடச் சொல்றாளுங்க. எல்லாம் அந்தக் கம்ப்யூட்டராலதானுங்க."

தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? இருந்தது.

அது அவர்கள் மகன் செந்திலுடையது. பீளமேட்டில் இன்ஜினீயரிங் படித்தவன். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை வைத்து அவனே லினக்ஸ் போட்டிருந்தான். இந்த ஆடியில் பைக் விபத்தில் போய்விட்டான். எழுதவே கை வரவில்லை...

அவன் ஒரு குறும்பு செய்து வைத்திருந்தான். மிஷின் முழுதாகக் கிளம்பியதும் ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்கும் - "அம்மா, நான் வந்துட்டேன்!"

அதைக் கேட்கத்தான் சரசு தினமும் விளக்கேற்றிவிட்டு ஸ்விட்சைப் போடுகிறார். சில நாள் கேட்கும். பல நாள் கறுப்புத் திரையில் 'எல்' என்று ஓர் எழுத்து, பின்னால் வரிசையாக எண்கள் - அப்படியே நின்றுவிடும்.

"காரியம் முடியற வரைக்கும் தறி ஓட்டலீங்ணா. அப்பெல்லாம் தினமும் வந்தான். தறி ஓட ஆரம்பிச்சதும் வரமாட்டேங்கறான். அவனுக்குத் தறிச்சத்தமே ஆகாதுங்க. சோறு போடற தறியைக் கரிச்சுக் கொட்டறயேடான்னு நான்தான் திட்டுவேன். கோவிச்சுக்கிட்டானுங்ணா!" என்றார் சரசு, நான் போய் உட்கார்ந்ததும்.

முழுசாகக் கெட்டுப்போனதைச் சரி செய்துவிடலாம். சில நாள் ஓடி, சில நாள் ஓடாததுதான் ஆளைக் கொல்லும். காரணத்தை நாமே கற்பனை செய்ய ஆரம்பித்துவிடுவோம், இல்லையா?

ஹார்ட் டிஸ்க் கேபிளை மாற்றினேன். பிளாப்பியில் கிளப்பி, லினக்ஸைக் கிளப்பிவிடும் பூட் லோடரைத் திரும்பப் போட்டேன். ம்ஹூம்! பீளமேட்டில் இருக்கும் என் வீட்டுக்கே மிஷினை எடுத்து வந்தேன். போட்டபோதெல்லாம் ஜோராகக் கிளம்பியது. திரும்பக் கொண்டுபோய் வைத்தால்... மறுபடி 'எல்'.

"உங்க ஊட்டுக்கு வாரான். பெத்தவ ஊட்டுக்கு வரமாட்டேங்கறானே!" சரசு அழுதுவிட்டார்.

அப்போது தறிக்காரர்கள் டீ குடிக்கக் கிளம்பினார்கள். தறிகள் நின்றன. ஸ்விட்சைப் போட்டேன் - கிளம்பியது! டீ முடிந்து தறி ஓடியதும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். வோல்டேஜ் பாதாளத்துக்குப் போயிருந்தது. தறிக்கும் வீட்டுக்கும் ஒரே லைன். கரண்ட் பற்றாமல் டிஸ்க் ஒழுங்காகச் சுற்றவில்லை, அவ்வளவுதான். அடச்சே, இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டாமா!

பிரிட்ஜுக்குப் போட்டிருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றிக் கம்ப்யூட்டருக்கு மாட்டினேன். தறிகள் ஓட ஓடவே போட்டுக் காட்டினேன். "அம்மா, நான் வந்துட்டேன்!" அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அதே குரல். பழனிசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அவனுக்குக் கோவமில்லீங்களாண்ணா?" என்று சரசு கேட்டார்.

"இல்லவே இல்லீங்க அம்மணி. கரண்ட் பத்தலைங்க. வேற ஒண்ணுமே இல்லீங்க."

அவர் முகம் தெளிந்தது. திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாள் வந்தது... அதுவும் கரண்ட்டுதானுங்களா?"

தறிச்சத்தத்தில் காது கேட்காதவன்போல, நான் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.