சொகுசு காரும் சங்கரின் முடியும்

இங்கே பால் விற்கும் கடையிலேயே, பால் கேனைப் போன்ற கேனில், காருக்கு ஊற்றும் பச்சை நிறத் திரவத்தையும் விற்கிறார்கள். நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் அதைச் சர்பத் என்று நினைத்துக் கையில் எடுத்துவிட்டேன். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கும்படி அதன்மேல் எழுதியிருந்தது. உடனே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. வெளிநாட்டில் பழைய கார் வாங்க நினைக்கும் நம் ஊர்க்காரர்களுக்குப் பயன்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது எண்பத்தெட்டாம் வருட ஜெர்மன் வண்டி. சிறியது, ஆனால் தோல் இருக்கை, கதவை மூடினால் சத்தமே கேட்காது. என் கணவரின் அலுவலகத்தில் ஒருவர் வேறு ஊருக்குப் போகும்போது மலிவாகக் கொடுத்தார். சொகுசு கார் பழசானால் விலை இறங்கிவிடும், உதிரிப் பாகங்களின் விலை மட்டும் இறங்காது என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பானெட்டைத் திறந்து சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மகன் சங்கரை முன்னால் நிறுத்திப் படம் எடுத்து அம்பாசமுத்திரத்துக்குத் தபாலில் அனுப்பினோம். படத்தைப் பார்த்த அத்தை என் அம்மாவிடம், "கப்பல் கணக்கா காரு வாங்க முடியுது. பிள்ளைக்கு முடி இறக்க வரத்தான் முடியல போல" என்றாளாம்.

சங்கருக்கு மூன்று வயது. முதல் முடியைப் பங்குனி உத்திரத்தன்று எங்கள் சாஸ்தா கோயிலில், தாய்மாமன் மடியில் வைத்துத்தான் இறக்க வேண்டும். அதுவரை கத்தி படக்கூடாது. முடி தோளைத் தாண்டிவிட்டது. கடைகளில், "எவ்வளவு அழகான பெண் குழந்தை" என்கிறார்கள். முதலில் நன்றி சொல்லிவிட்டு, பிறகு பையன் என்கிறேன். எது முறை என்று இன்னும் தெரியவில்லை. மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய என் தம்பிக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. "அக்கா, இந்தப் பங்குனிக்கு வந்திரு. உத்திரம் முடிஞ்சதும் கிளம்புதேன். அப்புறம் எப்ப லீவு தருவானோ" என்று போனில் சொன்னான். டிக்கெட்டுக்காகத்தான் சேர்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சேமிப்பில்தான் கார் கைவைத்தது. முதலில் பின்கதவுக் கண்ணாடி ஒருநாள் தானாகக் கதவுக்குள் இறங்கி விழுந்தது. சின்ன மோட்டார்தான், ஆனால் அதன் விலைக்கு ஊரில் ஒரு சைக்கிளும் தையல் மெஷினும் வாங்கலாம். பிறகு எண்ணெய் கசிந்து புகைநாற்றம் வந்தது. அதைச் சரிசெய்து வந்த வாரமே சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறியது.

முள் ஏறியபோது எனக்குப் பயத்தைவிட ஊர் ஞாபகம்தான் முந்தி வந்தது. உத்திரத்துக்கு நாங்கள் வாடகை அம்பாசடரில் போவோம். பாதி வழியில் பானெட்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பும். டிரைவர் அண்ணாச்சி வாய்க்கால் ஓரமாக மருத மரத்தடியில் நிறுத்துவார். "வண்டிக்குத் தாகம் எடுத்துட்டுலே. ஒரு சொம்பு மோந்துட்டு வா." நானும் தம்பியும் போட்டி போட்டு ஓடுவோம். "பைய ஊத்து, பைய. அதுக்கு விக்கிக்கிடப் போவுது" என்பார் அண்ணாச்சி. அம்மா பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரை கொடுப்பாள். தாமிரபரணித் தண்ணீர் உள்ளே இறங்கியதும் வண்டி மறுபடி கிளம்பிவிடும்.

ஆகவே நாங்களும் தண்ணீர் ஊற்றினோம். "ரேடியேட்டருக்குத் தண்ணிதானே கோமு. அண்ணாச்சி வாய்க்கால் தண்ணியவே ஊத்துவாரு. இது குழாய்த் தண்ணி, இன்னும் சுத்தம்லா" என்றார் என் கணவர். தினமும் காலையில், சங்கரைக் குழந்தைகள் காப்பகத்தில் விடக் கிளம்பும் முன் ஒரு ஜாடி ஊற்றுவேன். முள் இறங்கிவிடும். யாரையாவது கேட்டிருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். கேட்டால் அதற்கும் ஒரு பில் வருமே என்று விட்டுவிடுவேன். பனிக்காலம் வந்தது. ஊரே உறைந்து கிடந்த ஒரு காலையில், வண்டியைக் கிளப்பினால் உள்ளே ஏதோ முனகியது. பிறகு அடியில் தண்ணீர் குளமாகத் தேங்கியது.

மெக்கானிக் ஒரு கிரேக்கர். பானெட்டைத் திறந்ததும் ரேடியேட்டர் மேலிருந்த மஞ்சள் தடத்தைச் சுரண்டி முகர்ந்தார். "இது எங்கிருந்து கசிகிறது?" என்று கேட்டார். சந்தனம், ஆசிக்காக வைத்தது என்றேன். "ஓட்டையை அடைக்குமா?" என்று அக்கறையாகவே கேட்டார். இல்லை என்றேன். "வெறும் தண்ணீரா ஊற்றினீர்கள்?" அவர் சுத்தத்தைச் சந்தேகிக்கிறார் என்று எண்ணி, "நல்ல தண்ணீர்தான், நாங்கள் குடிக்கிற தண்ணீர்" என்றேன். அவர் துணியை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தண்ணீர் உள்ளே உறைந்து, பருத்து, இன்ஜினையே பிளந்துவிட்டது என்றார். பழைய இன்ஜின் ஒன்றைத் தேடிப் பொருத்த வேண்டும். அவர் சொன்ன தொகை, நாங்கள் காருக்குக் கொடுத்ததைவிட அதிகம். டிக்கெட் பணம் முழுவதும் அதற்குச் சரியாகப் போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில், உத்திரத்துக்கு வர முடியாது என்று சொன்னதும் அம்மா, "ஏட்டி, காரு கெட்டா பஸ்ல போகக்கூடாதா? இங்கன எல்லாரும் பஸ்லதான் போறாவ" என்றாள். எங்கள் தெருவுக்குப் பஸ்ஸே கிடையாது, காப்பகத்துக்குப் போகும் சாலையில் நடப்பதற்கு ஓரம்கூடக் கிடையாது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். "அமெரிக்காவுலயா பஸ் இல்ல?" என்று தம்பியிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

"அக்கா, வெறும் தண்ணியவா ஊத்துன?" என்று சிரித்தான் அவன். "அண்ணாச்சிகிட்ட சொல்லுதேன், மனுசன் ரொம்ப சந்தோசப்படுவாரு." நானும் சிரித்தேன். போன் கார்டில் நிமிடங்கள் கரைந்துகொண்டிருந்தன.

"மருமவன் முடிய மட்டும் வெட்டிராத" என்றான். "என்னைக்கு வந்தாலும் மாமன் மடி காலியாத்தான் கெடக்கும்."

இன்று பங்குனி உத்திரம். டிக்கியில் பச்சைத் திரவ கேன் இருக்கிறது. பாதி அது, பாதி தண்ணீர் என்று மெக்கானிக் கலந்து காட்டினார். அப்படியிருந்தால் உறையவும் செய்யாது, கொதிக்கவும் செய்யாதாம். காலையில் பானெட்டைத் திறந்து ஊற்றும்போது, "பைய" என்று என் வாய் தானாகச் சொன்னது. புதிதாகப் பொருத்திய இன்ஜினின் ஓரத்தில் ஒரு பொட்டுச் சந்தனமும் வைத்தேன். அங்கே அப்போது பொழுது சாய்ந்திருக்கும். கோயிலிலிருந்து திரும்பும் அம்பாசடரில் தம்பி முன்சீட்டில் உட்கார்ந்திருப்பான். இங்கே சிக்னலில் நிற்கையில் பார்த்தேன், முள் நீலத்துக்கும் சிவப்புக்கும் சரிநடுவில் நின்றது. காப்பக வாசலில் சங்கரை இறக்கி, கண்ணில் விழுந்த முடியை வாரி, ரப்பர் பேண்டை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கமாகக் கட்டிவிட்டேன்.