ஊறாத பால்

மகனைப் பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குப் பால் ஊறவில்லை. கணவர் துபாயில். அவருடைய அக்கா, என் மைனி, கீரிப்பாறை எஸ்டேட்டில் ரப்பர் பால்வெட்டும் வேலை செய்பவள். செய்தி கேட்டதும் பஸ் பிடித்து வந்துவிட்டாள். ஒரு கையில் சதாவரிக் கிழங்குப் பொதி, மறு கையில் அதே கொடியின் நாற்று. வாசலில் நின்று, அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பாலு இல்லாதவளுக்கு இதைவிட மருந்து கெடையாது, மக்கா." எனக்கு உடம்பே கூசிப்போனது.

கிழங்கைத் தோலுரித்து, நடு நரம்பை உருவி, அரைத்துப் பசும்பாலில் கலக்கித் தந்தாள். நாற்றை வாசல் மதிலோரம் நட்டாள்.

"பின்னால நடலாமே மைனி."

"வெயிலு இங்கதான இருக்கு."

போகிற வருகிற பெண்கள் கொடியைப் பார்த்துவிட்டு என் நெஞ்சைப் பார்ப்பதாகத் தோன்றும். கேட்டவர்களிடம், அழகுக்கு வைத்தது என்றேன்.

கிழங்கு தீர்ந்தது. பால் வரவில்லை. மைனி போனில் கேட்டாள்: "ஏட்டி, பாலு ஊறிட்டா?" கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஊறிட்டு மைனி" என்றேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

கொடிக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. கம்பு நட்டு ஏற்றிவிட்டேன். சாணம் போட்டு மண் அணைத்தேன். கோடையில் மஞ்சளாகிக் காயும். மழை விழுந்ததும் முள்ளோடு புதிதாகக் கிளம்பும். வெட்டி எறிய நினைத்ததுண்டு. ஆனால் மைனி வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

மகன் ஓடித் திரியும் வயதில் அடுத்த வீட்டு மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கும் பால் இல்லை. எந்தக் கூச்சமும் இல்லாமல் நேராக வந்து கேட்டாள்: "அக்கா, உங்களுக்குப் பாலு ஊறவச்ச கெழங்கு எனக்கும் தருவியளா?"

தோண்டினேன். விரல் விரலாகக் கொத்துக் கிழங்கு. பாதி வேரோடு தூரைத் திரும்பப் புதைத்தேன். அவளுக்கு நானே அரைத்தும் கொடுத்தேன். டாக்டரைப் பார் என்றுகூடச் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் எங்கள் அடுக்களைப் படியில் உட்கார்ந்து அழுதாள். "உங்களுக்கு ஊறிச்சுல்லா அக்கா. எனக்க ஒடம்புலதான் என்னமோ கோளாறு." மடியில் குழந்தை பசியில் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

"எனக்கும் ஊறல்ல, மக்கா."

அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்போ எதுக்குச் சொன்னிய?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றே புதுக்கடை ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்துப் பால்பொடி வாங்கி வந்தார்களாம். குழந்தை தேறியது. வெகுநாள் அவள் என்னோடு பேசவில்லை.

அடுத்த முறை வந்த மைனி, கொடியைத் தோண்டியிருப்பதைக் கண்டு என்னிடம் விசாரித்துவிட்டு, மதிலுக்கு அப்பால் நின்ற அவளிடம் கேட்டாள்: "கெழங்கு குடிச்சியா? பாலு ஊறிட்டா?"

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "எனக்கு ஊறல்ல. இந்த அக்காவுக்குத்தான் நல்லா ஊறிச்சு" என்றாள்.

குரலில் கேலி இல்லை. மைனி பெருமையோடு என் தோளைத் தட்டினாள். நான் தலை நிமிரவில்லை.